பேச்சிலரா, ஃபேமிலியா?

2014இல் துபாயில், ஒரு கட்டுமான நிறுவனத்தின் பணியாளர் விவரங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையில் இருந்தேன். இப்படி மாற்றும்போது, ஒன்றோடொன்று முரண்படும் பதிவுகளைப் பிடிப்பதற்காகச் சில விதிகளை எழுதிவைப்போம். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் வரக் கூடாது. விடுப்பில் இருப்பவருக்கு அதே நாளில் ஓவர்டைம் இருக்கக் கூடாது. அப்படி நான் எழுதிய ஒரு விதி பல ஆயிரம் பதிவுகளைப் பிழை என்று சிவப்பில் காட்டியது. திருமண நிலை என்ற கட்டத்தில் 'மணமானவர்' என்றும், தங்குமிடம் என்ற கட்டத்தில் 'பேச்சிலர்' என்றும் இருந்த பதிவுகள் அவை. பட்டியலை அச்செடுத்து, விவரம் கேட்க கேம்ப் பாஸிடம் போனேன். வயதான மலையாளி. இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "சார், இது எரர் இல்ல. இதுதான் டேட்டா."

விதியை நீக்கினேன். சிவப்பெல்லாம் மறைந்தது. வேலை குறித்த நாளில் முடிந்தது.

அந்தச் சொல்லின் மீது எனக்கு அதற்கு முன்பே ஒரு பழைய கணக்கு இருந்தது. என் அப்பா 1981 முதல் 2003 வரை அபுதாபியில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அவர் அனுப்பிய ஒரு புகைப்படத்தில் இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே நான்கு பேர் லுங்கியோடு உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் ஒரு சோற்றுப் பானை. படத்தின் பின்புறம் அப்பாவின் கையெழுத்து: எங்கள் பேச்சிலர் ரூம், முசஃபா, 1987. ஆறாம் வகுப்பில் ஆங்கில ஆசிரியர் அந்தச் சொல்லுக்குக் கல்யாணமாகாத ஆண் என்று பொருள் எழுதிப்போட்டார். அன்று மாலை அம்மாவிடம் போய், அப்பா ஏன் அப்படி எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அங்க அப்படித்தான் சொல்லுவாங்க போல" என்றாள். முறத்தை நிறுத்தவில்லை.

இந்தக் கட்டுரை அந்த 'அங்கே' பற்றியது. வளைகுடாவில் ஓர் ஆங்கிலச் சொல் எப்படித் தன் அகராதிப் பொருளை விட்டு வேறொன்றாயிற்று, அதை நாம் எப்படி எந்த எதிர்ப்பும் இல்லாமல் நம் மொழிக்குள் எடுத்துக்கொண்டோம், நம் எழுத்து அதை என்ன செய்திருக்கிறது என்ற மூன்று கேள்விகள்.

*

ஸ்காட்லாந்தில் முதுகலை படித்தபோது, கணினிக்கு மொழியைக் கற்பிப்பது பற்றிய ஒரு பாடத்தில் இந்தச் சொல் மறுபடி எதிரே வந்தது. தத்துவக்காரர்களுக்கும் மொழியியலாளர்களுக்கும் 'பேச்சிலர்' செல்லப்பிள்ளை. எந்தப் பேச்சிலரும் மணமானவர் அல்ல என்ற வாக்கியத்தை அவர்கள் அலுக்காமல் எடுத்துக்காட்டுவார்கள். உலகத்தைப் பார்க்காமலே, சொற்களின் பொருளை வைத்தே உண்மை என்று சொல்லிவிடக்கூடிய வாக்கியத்துக்கு அது மாதிரி. வில்லார்ட் குவைன் 1951இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அப்படி ஒரு தனிவகை உண்மை இருக்கிறதா என்றே கேள்வி எழுப்பினார். அவர் கையில் எடுத்ததும் இதே வாக்கியத்தைத்தான்.

1963இல் கட்ஸ், ஃபோடர் என்ற இருவர் இந்தச் சொல்லை எடுத்து, அதன் நான்கு பொருள்களை ஒரு மரக்கிளை வரைபடமாகப் பிரித்துக் காட்டினார்கள். மணமாகாத ஆண் ஒன்று. கல்லூரியின் முதல் பட்டம் பெற்றவர் இன்னொன்று. வேறொரு வீரனின் கொடியின் கீழ் பணிபுரியும் இளம் வீரன் மூன்றாவது. நான்காவது, இனப்பெருக்கக் காலத்தில் துணையில்லாமல் இருக்கும் இளம் கடல்நாய். பெரிய ஆண் கடல்நாய்கள் கரையைப் பிடித்துவைத்துக்கொள்ள, இளசுகள் தனியாக ஒதுங்கிக் கிடக்குமாம்.

பின்னால் வந்தவர்கள் இதைக் கேலி செய்தார்கள். போப்பாண்டவர் பேச்சிலரா என்று கேட்டார்கள். மணமாகாத ஆண்தான், ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. ஒவ்வொரு சொல்லும் ஒரு சமூக ஏற்பாட்டைச் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பது அவர்கள் வாதம். இந்த வயதில் ஆண் கல்யாணம் செய்துகொள்வான், செய்துகொள்ள அவனுக்கு வழியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில்தான் 'பேச்சிலர்' என்ற சொல்லுக்கு வேலை.

அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. எந்தப் பேச்சிலரும் மணமானவர் அல்ல என்பது பொய்யாகிப்போகும் ஓர் இடம் எனக்குத் தெரியும், அங்கே என் அப்பா 22 வருடம் இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது.

*

வளைகுடாவுக்கு வந்து இறங்கும் தமிழரிடம், ஏற்கெனவே இருக்கும் தமிழர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "பேச்சிலரா, ஃபேமிலியா?" என்பது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று அதற்கு அர்த்தமில்லை. மனைவி மக்கள் உங்களோடு இந்த மண்ணில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரு மருமகனும் இருக்கும் 52 வயதுக்காரர் தயங்காமல் "பேச்சிலர்தான்" என்பார்.

தேரா, சத்வா, ஷார்ஜாவின் ரோலா என எங்கே நடந்தாலும் மின்கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய துண்டுச் சீட்டுகள் இந்தச் சொல்லின் உட்பிரிவுகளைச் சொல்லும். பெட் ஸ்பேஸ், கீழ்க் கட்டில், தமிழ் பேச்சிலர்கள் மட்டும். பார்ட்டிஷன், எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர். 'எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர்' என்றால் கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவர், அறையில் மீன் வறுக்காதவர் என்று பொருள். சாதாரணப் பேச்சிலருக்கு அடைமொழி இல்லை.

இது தெருவில் புழங்கும் கொச்சை மட்டுமல்ல. அரபியில் 'உஸ்ஸாப்' என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. சவுதியின் உணவகங்களில் குடும்பங்களுக்கு ஒரு வாசல், 'உஸ்ஸா'புக்கு ஒரு வாசல் என்று வெகுகாலம் இருந்தது. தனி வாசல் கட்டாயமில்லை என்று அறிவிப்பு வந்தது 2019 டிசம்பரில்தான். கத்தாரில் 2010ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டம், குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் தொழிலாளர் குழுக்களைத் தங்கவைப்பதைத் தடைசெய்தது. துபாயிலும் ஷார்ஜாவிலும் குடும்பப் பகுதிகளிலிருந்து பேச்சிலர்களை வெளியேற்றும் நடவடிக்கைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தியாகும்.

ஒருவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோவது சம்பளம். அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்துவர மாதம் 4,000 திர்ஹம் வேண்டும். நிறுவனமே வீடு கொடுத்தால் 3,000 போதும். 2019 வரை சம்பளத்தோடு விசாவில் எழுதியிருக்கும் தொழிலின் பெயரும் பார்க்கப்பட்டது. கட்டுமானத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே. குவைத் 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மறுபடி தொடங்கியபோது 800 தினார் சம்பளமும் பல்கலைக்கழகப் பட்டமும் கேட்டது. பட்ட நிபந்தனை பின்னர் நீக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. பட்டம் கேட்கும் இடத்தில் நாம் சமர்ப்பிக்கும் சான்றிதழின் பெயர் என்ன? பேச்சிலர் ஆஃப் சயன்ஸ், பேச்சிலர் ஆஃப் இன்ஜினியரிங். அந்தக் காகிதத்தில் சென்னையிலும் டெல்லியிலும் தூதரகத்திலும் முத்திரை வாங்கிக் கொடுத்தால், நீங்கள் பேச்சிலராக இருக்க வேண்டியதில்லை. பட்டம் இல்லாதவர் ஆயுளுக்கும் பேச்சிலர். எனக்கு அந்தக் காகிதம் இருந்தது. அது அப்பாவின் பேச்சிலர் ரூமில் சம்பாதித்த காசில் வந்தது.

*

அப்படியானால் வளைகுடா இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறதா? வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். சொல்லின் வரலாற்றைப் பார்த்தபிறகு அந்த எண்ணம் மாறியது.

பழைய பிரெஞ்சிலிருந்து 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அப்போது அதற்குக் கல்யாணத்தோடு சம்பந்தமில்லை. தனக்கென்று கொடி பிடிக்க ஆளும் நிலமும் இல்லாமல், இன்னொருவரின் கொடியின் கீழ் சேவை செய்யும் இளம் வீரன் என்பதுதான் பொருள். அதற்கும் முந்தைய இடைக்கால லத்தீன் வடிவம், சிறு நிலத்தை இன்னொருவரிடம் வாங்கிப் பயிரிட்ட குடியானவனைக் குறித்தது என்று ஒரு கருத்து உண்டு. அடி வேர் இன்னும் உறுதியாகவில்லை. பல்கலைக்கழகங்கள், முழுத் தகுதி பெறாத முதல்படிக்காரர்களுக்கு இந்தப் பெயரை வைத்தன. பிறகு லாரல் மரத்தின் கனியோடு ஒலிப் பொருத்தம் பார்த்து லத்தீனில் அதைக் கௌரவமாக்கிக்கொண்டன. மணமாகாதவன் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெறுகிறது. நிலமில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற உலகியலில் இருந்து அது பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பழைய பொருள் முற்றாகச் சாகவும் இல்லை. பிரிட்டிஷ் அரசு தரும் 'சர்' பட்டங்களில், எந்தத் தனி வீரர் அமைப்பிலும் சேராத அடிப்படை வகைக்கு இன்றும் 'நைட் பேச்சிலர்' என்றே பெயர். 1929இல் சி.வி. ராமன் பெற்றது அதைத்தான். அவருக்கும் லோகசுந்தரிக்கும் அப்போது கல்யாணமாகி 20 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மணமான பேச்சிலர் ஒன்றும் வளைகுடாவின் கண்டுபிடிப்பல்ல.

ஆக, இந்தச் சொல்லின் எலும்புக்கூடு கல்யாணம் அல்ல, அந்தஸ்து. தன் கொடி இல்லாதவன், நிலத்தில் உரிமை இல்லாதவன், இன்னொருவரின் பொறுப்பில் இருப்பவன். ஒரு கஃபீலின் பெயரில் விசா எடுத்து வந்து, அந்த விசா முடிந்தால் இருக்க இடமில்லாத ஒரு மனிதரை 'பேச்சிலர்' என்று அழைக்கும்போது வளைகுடா 700 வருடம் பின்னோக்கிப் போய்ச் சரியான பொருளைத் தொட்டுவிடுகிறது. கட்ஸும் ஃபோடரும் பிரித்துவைத்த கிளைகள் இங்கே மறுபடி ஒன்றாகச் சேர்கின்றன. கொடியின் கீழ் இருப்பவன், பட்டம் உள்ளவன், இல்லாதவன், கரையில் இடம் கிடைக்காத கடல்நாய் எல்லாம் ஒரே துண்டுச் சீட்டில்.

*

தமிழில் இதற்கு இணையான சொல் உண்டா? பிரம்மச்சாரி என்பது கல்வியும் திருமணமின்மையும் சேர்ந்த சொல், ஆனால் அது ஒரு பருவம், கடந்துபோவதற்கானது. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் 'சபராளி' என்ற சொல் புழங்குகிறது. சபர் என்றால் பயணம். இந்தச் சொல் அவர் எங்கோ போயிருக்கிறார் என்கிறது. மனைவி இல்லாதவர் என்று சொல்வதில்லை. அதில் திரும்பி வருதலும் இருக்கிறது.

அகத்திணையை இங்கே இழுப்பது புலம்பெயர் கட்டுரைகளில் தேய்ந்த வழக்கம்தான். ஆனாலும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் பொருளுக்காகப் பிரிந்துபோவதை இலக்கணமாகவே வகுத்துவைத்திருக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று ஒரு நூற்பாவும் உண்டு. பொருள் கொள்வதில் உரைகாரர்கள் மாறுபடுவார்கள். குடும்ப விசா மறுப்பு நமக்குப் புதிதல்ல என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதே இலக்கணம், பிரிந்துபோகும் அந்த ஆணைக் 'கிழவன்' என்றும் காத்திருப்பவளைக் 'கிழத்தி' என்றும்தான் கடைசிவரை அழைக்கிறது. கிழமை என்றால் உரிமை. பாலை நிலத்தில் அவன் எத்தனை மாதம் நடந்தாலும் அந்த உரிமைப் பெயர் அவனை விட்டுப் போவதில்லை. 'பேச்சிலர்' அந்தப் பெயரைத்தான் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதன் மறுபாதியான 'ஃபேமிலி'யையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் வெகுகாலமாகவே 'ஃபேமிலி' என்றால் மனைவி. "ஃபேமிலி வரலையா சார்?" என்று கேட்பார்கள். வளைகுடா அதையும் அந்தஸ்தாக்கியது. "அவர் இப்ப ஃபேமிலி" என்றால் சம்பளம் கூடிவிட்டது என்று பொருள். இந்த இரட்டைப் பிரிவுக்குள் வராத ஒருத்தியும் இருக்கிறாள். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து வீட்டுவேலை செய்யும் பெண், 'கத்தாமா'. அவள் இரவும் பகலும் ஒரு ஃபேமிலிக்குள்ளேயே இருக்கிறாள். தன் ஃபேமிலியை அழைத்துவர அவளுக்கு வழியில்லை. அவளை யாரும் பேச்சிலர் என்றும் சொல்வதில்லை. பெட் ஸ்பேஸ் சீட்டிலாவது ஆணுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

*

இலக்கியம் இந்தச் சொல்லை என்ன செய்தது? மலையாளம் நம்மை முந்திக்கொண்டது. 1970களிலேயே எஸ்.ஏ. ஜமீல் பாடிய துபாய்க் கத்துப் பாட்டு, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். காசைப் பற்றிய கடிதமல்ல அது. தன் உடலின் ஏக்கத்தை அந்தப் பெண் மறைக்காமல் கேட்கிறாள். கேரளம் முழுக்க அந்தப் பாட்டு கேசட்டாகச் சுற்றியது. பிறகு கணவனின் பதிலும் பாட்டாக வந்தது.

பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' தமிழிலும் கிடைக்கிறது. கர்ப்பிணி மனைவியை விட்டுச் சவுதிக்குப் போகும் நஜீப், பாலைவனத்து ஆட்டுத் தொழுவத்தில் சிக்கிக்கொள்ளும் கதையைப் பொதுவாக அடிமைத்தனத்தின் கதையாகவே வாசிக்கிறோம். எனக்கு அதில் மையமாகப் படுவது வேறொரு இடம். பிறக்கப்போகும் மகனுக்கென்று நினைத்திருந்த பெயரை அவன் ஓர் ஆட்டுக்குட்டிக்கு வைக்கிறான். அந்தக் குட்டிக்குப் பிறகு காயடிக்கப்படுகிறது. அதோடு தன் ஆண்மையும் போய்விட்டதாக அவன் உணர்கிறான். ஒரு கணவனை, தகப்பனை, பேச்சிலராக்குவது என்றால் என்ன என்பதை அந்தச் சொல்லை உச்சரிக்காமலே அவ்வளவு கொடூரமாகக் காட்டிய இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதிய 'டெம்பரரி பீப்பிள்' 2017இல் வந்தது. அதில் ஒரு கதையில் மலையாளிகளை விதையிலிருந்து பயிராக வளர்க்கிறார்கள், 12 வருட ஆயுளோடு. கதை நடப்பது முசஃபாவில். அப்பாவின் புகைப்படத்தில் இருக்கும் அதே முசஃபா. முதலில் படித்தபோது அறிவியல் புனைவின் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பேச்சிலர் என்ற சொல்லின் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் கிடைப்பது இதுதான். அழைத்துவர மனைவி இல்லாத, கடிதம் எழுத அம்மா இல்லாத, கைகள் மட்டுமே உள்ள ஆள்.

தமிழில்? ஆபிதீன் இருக்கிறார். துபாய் வாழ்க்கையை நாகூர்த் தமிழின் குறும்போடும் கசப்போடும் எழுதிய அவருடைய கதைகளில் அறை என்பது வெறும் இடமல்ல, பாத்திரம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், நான் வாசித்த அளவில், நம் வளைகுடாக் கதைகள் ஏஜென்ட், கடன், விமான நிலையம், ஊரில் எழும்பும் வீடு என்ற நான்கு கம்பங்களுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. கணவன் ஏமாந்தான், உழைத்தான், திரும்பினான், அல்லது பெட்டியில் வந்தான். 22 வருடம் எட்டுப் பேரோடு தூங்கி எழுந்தவரின் தனிமையும், வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் கணவனாக இருந்தவரின் திகைப்பும், அவரை வீட்டில் விருந்தாளியாகப் பார்த்த பிள்ளைகளின் சங்கடமும் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. காரணம் கூச்சம் என்றே நினைக்கிறேன். எழுதக்கூடிய நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற 'ஃபேமிலி'கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016இல், அப்போது நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு வீட்டில் பதினோரு பேர் தங்கியிருப்பதாக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. லிஃப்டில் வியர்வை நாற்றம், நீச்சல்குளத்தருகே நின்று பார்க்கிறார்கள், பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு புகார். நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு மனு தயாரானது. அவர்களில் இருவர் தமிழர்கள். லிஃப்டில் என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்பார்கள். ஒருவருக்கு என் அப்பா முசஃபாவுக்குப் போன வயதுதான் இருக்கும். கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரத்தில் அவர்கள் போய்விட்டார்கள். லிஃப்ட் அருகே 'பேச்சிலர்களுக்கு அனுமதியில்லை' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரு பலகை வந்தது.

2018 குளிர்காலத்தில் அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் வந்தார்கள். திரும்பிப்போன பிறகு அப்பா இந்த நாட்டில் கால்வைத்தது அப்போதுதான். பெட்டிகளோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவர் அந்தப் பலகையைப் படித்தார். அரபியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். 22 வருடம் கற்றுக்கொடுத்த அரபி. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, நீ கூட வந்த" என்றார்.

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மனுவைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.